ரெண்டாவது சரணம்

அந்தப் பொட்டி கால்ல இடிக்குதா தம்பி? கொஞ்சம் இப்படிச் சாச்சுக்கறேன். கண்டக்டர் மேல வைக்கச் சொன்னார். மேல வச்சா ஒரு சடன் பிரேக்குல கழுத்து ஒடிஞ்சிரும். என் கழுத்தச் சொல்லல, கிட்டார் கழுத்த. ஆமா, கிட்டார்தான். தொழிலே அதுதான். பொன்மலை இன்னாசின்னா திருச்சி சுத்துவட்டாரத்துக் கச்சேரிக்காரங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்க புதுக்கோட்டையா? நான் அதுக்கு முன்னாடியே எறங்கிருவேன்.

படிச்சவர் மாதிரி இருக்கீங்க. உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கலாமா? வீட்டுல கேட்டேன், கெடைக்கல. குழுவுல கேட்டா சிரிக்கிறாங்க. வெளி ஆளு ஒருத்தர் சொன்னாத்தான் இது சரிப்படும்.

கிட்டார் வாசிக்கிறவன் தாளத்தப் பாத்துக்கணும்னு ஜனங்க நெனைக்கிறாங்க. தாளத்த டிரம்ஸ்காரர் பாத்துக்குவார். நான் பாக்கறது மணி. கடிகார மணி. மேடையில இருக்கிற அத்தன பேர்லயும் மணி பாக்கறவன் நான் ஒருத்தன்தான். பாடறவங்க பாக்க மாட்டாங்க. மைக் கையில வந்துட்டா அவங்களுக்குப் பொழுதே கெடையாது. எங்க குழுவுக்கு ஓனர் கீபோர்டு தர்மலிங்கம். அவர் பாக்கலாம், ஆனா கண்ணாடி போட்டாத்தான் அவருக்குக் கீ தெரியும், கழட்டினாத்தான் சுவத்துக் கடிகாரம் தெரியும். ரெண்டும் ஒரே நேரத்துல தெரியாது. அதனால என் தலையில வந்துச்சு.

போன்ல பாக்கலாமேம்பீங்க. பாக்கக் கூடாது. மேடையில நின்னுக்கிட்டுப் போனப் பாத்தா கீழ இருக்கிறவர் என்ன நெனைப்பார்? நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துட்டு இவன் எவனுக்கோ மெசேஜ் அனுப்பறான்னு நெனைப்பார். கைக்கடிகாரத்தையும் எல்லாரும் கட்டற மாதிரிக் கட்டினாப் பிரயோஜனம் இல்ல. இடது கை கிட்டார் கழுத்தப் பிடிச்சிருக்குல்ல? மணி பாக்கணும்னா கையத் திருப்பணும். திருப்பினா தந்தியில விரல் அழுத்திப் பிடிச்ச கார்டு போயிரும். நான் எப்படிக் கட்டியிருக்கேன் பாருங்க. டயல் உள்பக்கம். கார்டு பிடிச்சிருக்கும்போதே முள்ளு என் மொகத்துக்கு நேரா இருக்கும். லேசாத் தலையக் குனிஞ்சாப் போதும். பாக்கறவங்க, விரலப் பாத்து வாசிக்கிறாரு, என்ன ஈடுபாடுன்னு நெனைச்சுக்குவாங்க. ஒரு பெரியவர் எங்கிட்டயே அப்படிச் சொன்னார். நான் மறுத்துப் பேசல.

நேரம் ஆயிருச்சுன்னா கிட்டார் கழுத்தக் கொஞ்சம் கீழ எறக்குவேன். அவ்வளவுதான். வேற சைகை கெடையாது. டிரம்ஸ் வாசிக்கிற பாண்டுரங்கன் அத மட்டுமே பாத்துக்கிட்டு இருப்பார். கழுத்து எறங்கினா, பாடற வரி முடியிற எடத்துல ஒரு உருட்டு உருட்டுவார். எல்லாரும் சேந்து நிறுத்துவோம். பாட்டு எங்க இருந்தாலும் அங்கயே முடிஞ்ச மாதிரி இருக்கும். வெட்டினது வெளிய தெரியாது. மண்டபத்துக்காரங்க எங்களக் கூப்பிடறதே அதுக்குத்தான் தம்பி. இவங்க பாட்டு நல்லா இருக்கும்னு இல்ல. சொன்ன நேரத்துக்கு முடிச்சுக் குடுத்துருவாங்கன்னு.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, எனக்கு நேரத்து மேல இருக்கிற மரியாதை உங்களுக்குப் புரியணும். புரிஞ்சாத்தான் நியாயம் சொல்ல முடியும்.

எங்க வீட்டுக்காரி பேரு அடைக்கலமேரி. அவளும் இதே குழுவுல பாடிக்கிட்டு இருந்தவதான். அங்கதான் எங்களுக்குப் பழக்கம். கல்யாணம் ஆச்சு, மக பொறந்தா. பெலிசிட்டா. ரெண்டு பேரும் சாயங்காலம் கெளம்பிப் போயிட்டா புள்ளய யாரு பாக்கறது? அதனால அடைக்கலமேரி நின்னுட்டா. நான் நிறுத்தச் சொல்லல. அதத் தெளிவாச் சொல்லிக்கறேன். நேரம் ஒத்து வரல, அவளே புரிஞ்சுக்கிட்டா. பேச்சுவார்த்தையே இல்ல. ஒரு நாள் வேன் வந்து வாசல்ல நின்னுச்சு. நான் ஏறினேன், அவ ஏறல. அப்படியே பழகிருச்சு. புள்ள வளந்து, படிச்சு, வேலைக்கும் போயிருச்சு. அதுக்கப்புறமும் வேன் வரும், நான் ஏறுவேன்.

வீட்டுல பாடுவாங்களான்னு கேக்கறீங்களா? தெரியல தம்பி. நான் இருக்கும்போது பாட மாட்டா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வைகாசியில மகளுக்குக் கல்யாணம். காலையில கோயில்ல பூசை, மத்தியானம் மண்டபத்துல விருந்து, விருந்தோட எங்க கச்சேரி. சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வேற குழுவக் கூப்பிட முடியுமா? பெலிசிட்டா முன்னாடியே சொன்னா, அப்பா அன்னிக்கு ஒரு நாள் நீங்க வாசிக்காதீங்க, எங்ககூட நில்லுங்கன்னு. வேற கிட்டார் பையன் யாரையாவது போட்டுக்கலாம்னா. போடலாம். நல்லா வாசிக்கிற பசங்க இருக்காங்க. ஆனா மணிய யாரு பாக்கறது? மண்டபத்துக்காரர் சாயங்காலம் இன்னொரு பார்ட்டிக்குக் குடுத்திருக்கார். மதியம் ரெண்டரைக்குள்ள மேடையக் காலி பண்ணணும்னு தர்மலிங்கத்துக்கிட்டயும் சொல்லிட்டார், எங்கிட்டயும் சொல்லிட்டார்.

அதனால மககிட்டச் சொன்னேன். மேடையில ஒரு பக்கம் உங்க நாற்காலி, இன்னொரு பக்கம் நாங்க. ரெண்டும் ஒரே மேடைதானே, நான் மேடையிலதானே நிக்கப் போறேன்னு. அவ ஒண்ணும் சொல்லல. ஒத்துக்கிட்டான்னு எடுத்துக்கிட்டேன். கோட்டு தச்சுக் குடுத்திருந்தா, அதப் போட்டுக்கிட்டேன். போட்டோக்காரர் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பக்கம் போய் நின்னுட்டுத் திரும்பி வந்தேன். கிட்டாரக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தா நேரம் வீணாயிரும்னு கழட்டல. ஆல்பத்துல பாருங்க, எல்லாப் போட்டோவுலயும் நான் கிட்டாரோட இருப்பேன். மாப்பிள்ளை வீட்டுல அதப் பெருமையாப் பேசிக்கிட்டதாக் கேள்வி.

கச்சேரி ஒழுங்காப் போச்சு. ஒரு குத்தம் சொல்ல முடியாது. கடைசிப் பாட்டும் முடியப் போகுது, சரியா இருக்கும்னு நெனைச்சுக்கிட்டு இருக்கேன். பெலிசிட்டா நாற்காலிய விட்டு எந்திரிச்சு வந்து மைக்க வாங்கறா. வாங்கி, "இப்ப எங்கம்மா பாடுவாங்க"ன்னு சொல்றா.

எனக்கு ஒண்ணும் புரியல. தர்மலிங்கத்தப் பாத்தா, அவர் ஏற்கனவே சுருதியப் பிடிச்சு வச்சிருக்கார். பெறவு விசாரிச்சதுல தெரிஞ்சுது, அடைக்கலமேரி மத்தியான நேரத்துல தர்மலிங்கம் வீட்டுக்குப் போயிப் பாடிப் பாத்திருக்கா. நான் மத்தியானம் தூங்கற ஆளு. ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல. முன்கூட்டிச் சொல்லியிருந்தா ஒரு பாட்டக் கொறச்சு எடம் பண்ணியிருப்பேன்ல? கேட்டா, அப்பாவ ஆச்சரியப்படுத்தணும்னு நெனைச்சோம்னாங்க. மேடையில ஆச்சரியம் ஆகாது தம்பி. அது நேரத்தத் திங்கற சாமான்.

வந்து நின்னா. பட்டுச் சேலை. மைக்க ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா. பழைய சினிமாப் பாட்டு ஒண்ணு. கொஞ்சம் மெதுவாப் போற பாட்டு, அதுவும் ஒரு சிக்கல். பல்லவி பாடினா. முதல் சரணம் பாடினா. சாம்பார் வாளியோட போயிக்கிட்டு இருந்தவர் பந்தி நடுவுல அப்படியே நின்னுட்டார். எலையில ஒக்காந்திருந்தவரும் ஊத்தச் சொல்லிக் கேக்கல. பந்தியே கெட்டுப் போச்சு.

நல்லாத்தான் பாடினா. இல்லங்கல. சுருதி சுத்தமா இருந்துச்சு. ஒரு எடத்துல மூச்சு பத்தல, அது பழக்கம் விட்டதுனால.

முதல் சரணம் முடிஞ்சு நடுவுல மியூசிக் வாசிக்கிறோம். தலையக் குனிஞ்சு பாக்கறேன். ரெண்டரை. நிமிந்தா, மண்டப மேனேஜர் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்துல வந்து நிக்கிறார். என்ன பண்ணுவீங்க? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

கழுத்த எறக்கினேன்.

பாண்டுரங்கன் என்னைப் பாத்தார். பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டு வாசிச்சுக்கிட்டே இருக்கார். இத்தன வருஷத்துல அப்படிச் செஞ்சதே இல்ல. கவனிக்கல போலன்னு இன்னொரு தடவ நல்லா எறக்கினேன், தரையத் தொடற மாதிரி. அதுக்கு மேல அவர் என்ன செய்வார்? உருட்டினார். நிறுத்திட்டோம். எல்லாரும் ஒண்ணாத்தான் நிறுத்தினோம். பிசிறே இல்ல.

அடைக்கலமேரி ரெண்டாவது சரணத்துக்கு மூச்சு எடுத்திருந்தா. அதோட நின்னா. ஜனங்க கை தட்டினாங்க, பாட்டு அவ்வளவுதான்னு நெனைச்சுக்கிட்டு. அவ மைக் சுவிட்ச அமத்தி, ஸ்டாண்டுல ஒழுங்கா மாட்டிட்டு, படி எறங்கி, ஐஸ்கிரீம் எல்லாருக்கும் வந்துச்சான்னு பாக்கப் போயிட்டா. அதுதான் தம்பி தொழில் தெரிஞ்சவங்களுக்கு அழகு. இன்னிக்கு வர்ற பாட்டுக்காரங்களா இருந்தா மேடையிலயே மொகத்தத் தூக்கி வச்சுக்குவாங்க.

கிட்டாரப் பொட்டியில வச்சுக்கிட்டு இருக்கேன், அந்த மேனேஜர் வந்தார். "ஏன் சார் நிறுத்திட்டீங்க? அடுத்த பார்ட்டி இன்னும் கெளம்பவே இல்ல. நான் பாட்டுக் கேக்கத்தானே வந்து நின்னேன்" அப்படிங்கறார்.

அது அவர் விஷயம். எங்களுக்குச் சொன்ன நேரம் ரெண்டரை.

அதுக்கப்புறம் வீட்டுல சண்டை கிண்டை எதுவும் வரல. இப்பப் பேசறவங்க எல்லாம் என்னமோ நான் பெரிய குத்தம் பண்ணிட்ட மாதிரிப் பேசறாங்க. குத்தம் பண்ணியிருந்தா அவ கேட்டிருப்பாளா இல்லயா? கேக்கல. இன்னும் சொல்லப் போனா வீடு முன்னாடிய விட ஒழுங்காச்சு. முன்னாடியெல்லாம் கச்சேரி முடிஞ்சு நான் வர்ற வரைக்கும் சாப்பிடாம ஒக்காந்திருப்பா. இப்ப அவ பசிக்கு அவ சாப்பிட்டுட்டு, எனக்கு மூடி வச்சிடறா. நல்ல மாத்தம்தானே? எப்ப வருவீங்க எப்ப வருவீங்கன்னு போன் பண்ணிக்கிட்டே இருப்பா, அதையும் விட்டுட்டா. பேச்சும் கொறைஞ்சு போச்சு. எனக்கு மத்தியானத் தூக்கம் நல்லா வந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு மகளும் மாப்பிள்ளையும் கல்யாண வீடியோவ எடுத்துக்கிட்டு வந்தாங்க. எல்லாரும் ஒக்காந்து பாத்தோம். அவ பாடற எடத்துல வீடியோக்காரர் மொகத்தப் பக்கத்துல எடுத்திருந்தார். நாங்க நிறுத்தறோம், அவ வாயத் திறந்தபடி நிக்கிறா. மொகம் பெருசாத் தெரியுது. பெலிசிட்டா அங்க நிறுத்திட்டு என்னைப் பாத்து, "அப்பா, அம்மாவப் பாருங்க"ன்னா.

நானும் பாத்தேன். ஆமாம்மா, அத வெட்டச் சொல்லி நானே அந்த வீடியோக்காரர்கிட்டச் சொன்னேன், மறந்துட்டார் போலன்னேன். வாயத் திறந்துக்கிட்டு இருக்கிறது பாக்க நல்லா இல்லதானே?

அடைக்கலமேரி காப்பி போடறேன்னு உள்ள போனா. பெலிசிட்டா டிவிய அமத்திட்டா. அன்னிக்குச் சாப்பிடாமலே கெளம்பிப் போயிட்டாங்க, அவங்களுக்கு வேற எங்கயோ போக வேண்டியது இருந்திருக்கும்.

ஆடி மாசம் கச்சேரி நெறைய வரும். அந்த நேரம் பாத்து எங்க குழுவுல பாடிக்கிட்டு இருந்த பொண்ணு கோயமுத்தூர்ல வேலை கெடச்சுப் போயிருச்சு. தர்மலிங்கம் வீட்டுக்கு வந்தார். நான் ஹால்ல ஒக்காந்திருக்கேன். எனக்கு ஒரு வணக்கம் வச்சுட்டு நேரா சமையக்கட்டு வாசல்ல போய் நின்னு, "அடைக்கலம், நீ வந்து பாடறியா?"ன்னு கேக்கறார்.

அவ கைய முந்தானையில தொடச்சுக்கிட்டு வெளிய வந்தா.

"வர்றேன். ஆனா நான் பாடற பாட்டு எங்க முடியணும்னு நான் சொல்லுவேன். கிட்டாரப் பாத்து முடிக்க மாட்டேன்."

அவ பேசி முடிக்கறதுக்குள்ள தர்மலிங்கம் சரின்னுட்டார். நான் அந்த ஹால்லதான் இருந்தேன் தம்பி. டம்ளர் கையில இருக்கு. என்னை யாருமே கேக்கல. இதுதான் என் வருத்தம். இதுக்குத்தான் நியாயம் கேக்கறேன்.

சரி, குழு நல்லா இருக்கணும்னு விட்டுக் குடுத்தேன். மத்தவங்க பாட்டுக்கு என் கிட்டார் கழுத்து. அவ பாட்டுக்கு அவ திரும்பிப் பாத்துத் தலைய ஆட்டுவா, அப்ப நிறுத்தறது. ஆனா மொத்தக் கச்சேரிய முடிக்கிறது நான்தான்னு சொல்லிட்டேன். அத விட்டுக் குடுக்கல.

முதல் கச்சேரி கீரனூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழா. நாங்க முடிச்சதும் தேர் எடுக்கணும். ஃபாதர் எங்கிட்ட வந்து, இன்னாசி நீங்க இருக்கீங்கன்னு தைரியமா இருக்கேன்னு சொல்லிட்டுப் போனார். அடைக்கலமேரிக்குக் கடைசியில வரிசையா நாலஞ்சு பாட்டு. எனக்கு முன்னாடி, கொஞ்சம் எடது பக்கமா நிக்கிறா. மொதப் பாட்டுல மைக்க ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா. ரெண்டாவது பாட்டுல ஒரு கைய எடுத்துட்டா. அப்புறம் அவ பாட்டுக்குப் பாடறா. மூச்செல்லாம் பத்துது. பாடிக்கிட்டே பொடவத் தலைப்ப எடுத்து இடுப்புல செருகிக்கிட்டா. அந்தக் காலத்துலயும் அப்படித்தான், பாட்டு பிடிச்சுப் போச்சுன்னா செருகிக்குவா. நான் அத மறந்தே போயிட்டேன்.

அப்புறம் என்ன நடந்துச்சுன்னா, ஒண்ணும் நடக்கல. அதுதான் எனக்குச் சொல்லத் தெரியல. வாசிச்சுக்கிட்டு இருக்கேன். யாரோ தோளத் தொடறாங்க. திரும்பினா ஃபாதர். அங்கி எல்லாம் போட்டுத் தயாரா நிக்கிறார். "இன்னாசி, தேர் எடுக்கணுமே" அப்படிங்கறார் மெதுவா. குனிஞ்சு பாக்கறேன். சொன்ன நேரம் எப்பவோ போயிருச்சு. முள்ளு என் மொகத்துக்கு நேராத்தான் இருக்கு. கடிகாரம் நிக்கக்கூட இல்ல.

அந்தப் பாட்டோட முடிச்சோம். கோபம் வந்துச்சு. கீழ எறங்கினதும் பாண்டுரங்கனப் பிடிச்சு, ஏன்யா எனக்கு ஞாபகப்படுத்தக் கூடாதான்னேன். அவர், "அண்ணே, நான் உங்க கிட்டாரையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்கதான் அண்ணியப் பாத்துக்கிட்டு இருந்தீங்க" அப்படின்னுட்டார்.

பாக்கத்தானே வேணும்? தலைய ஆட்டுவா, அப்ப நிறுத்தணும்னு ஏற்பாடு. தொழில் முறையில பாத்தேன். தவிர மேடை விளக்கு வேற கண்ணுல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஃபாதர் ஒண்ணும் கோவிச்சுக்கல, ஊர்க்காரங்களும் கோவிச்சுக்கல. தேரு சந்தோசமாத்தான் போச்சு. ஆனா நேரம் நேரம்தானே? யாருமே கோவிச்சுக்கலன்னா அப்புறம் எதுக்கு ஒருத்தன் கடிகாரத்த உள்பக்கமாக் கட்டிக்கிட்டு நிக்கணும்?

திரும்பி வரும்போது வேன்ல அவகிட்டச் சொன்னேன், இப்படி அளவுக்கு மீறிப் பாடினா குழுவுக்குத்தான் கெட்ட பேருன்னு. ஜன்னல் பக்கம் ஒக்காந்திருந்தவ திரும்பிப் பாத்தா. மக கல்யாணத்துக்கப்புறம் அன்னிக்குத்தான் மொகத்துக்கு நேராப் பாக்கறா.

"எவ்வளவு நேரம் கூடப் பாடிட்டேன்?"ன்னு கேட்டா.

பதில் சொல்ல வாயத் திறந்தேன். எப்ப முடிக்க வேண்டியதுன்னு தெரியும். ஃபாதர் தொட்டதும் குனிஞ்சு பாத்தேனே, அது எத்தன மணின்னு ஞாபகமே வரல. மண்டைக்குள்ள துழாவிப் பாக்கறேன், சுத்தமா ஒண்ணும் இல்ல.

"தெரியல"ன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"தெரியல."

வேனே சிரிச்சுச்சு தம்பி. தர்மலிங்கம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டார். டிரைவர் வண்டிய ஓரமா நிறுத்திட்டார். அடைக்கலமேரி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா, அடக்க முடியாம என் தோள் மேலயே சாஞ்சுட்டா, முந்தானையால கண்ணத் தொடச்சுக்கறா, மறுபடியும் சிரிக்கிறா. இதுல சிரிக்க என்ன இருக்கு? ஒரு மனுஷன் தெரியலன்னா தெரியலங்கறான். அதுக்கப்புறம் அந்த வேன்ல நான் ஏறினா யாராவது ஒருத்தர், அண்ணே மணி என்னன்னு கேப்பாங்க. கேட்டுட்டு அவங்களே பதிலும் சொல்லிக்குவாங்க. சின்ன மரியாதை கூட இல்லாமப் போச்சு. அதனால இப்பல்லாம் வேன் வேண்டாம்னு சொல்லிட்டுப் பஸ்ல வந்துடறேன்.

அதுலயாவது நிம்மதி இருக்கான்னா, அதுவும் இல்ல. அதோ, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டுல நீலச் சேலை தெரியுதா? அதுதான் அடைக்கலமேரி. பாடற ஆளு, சொகுசா வேன்ல போய் எறங்க வேண்டியதுதானே? போக மாட்டேங்கறா. நான் பஸ்ஸுன்னா அவளும் பஸ்ஸுங்கறா. கேட்டா, பேச்சுக்கு ஆளு கெடச்சா நீங்க எறங்கற எடத்த விட்டுருவீங்கன்னு சொல்றா. இத்தன வருஷம் ஊருக்கே நேரம் பாத்துக் குடுத்தவன்கிட்டப் பேசற பேச்சா இது? நீங்களே சொல்லுங்க.

எந்திரிச்சுட்டா. திரும்பிப் பாக்கறா பாருங்க.

அப்ப இந்த ஸ்டாப்பாத்தான் இருக்கும். கொஞ்சம் வழி விடுங்க தம்பி.